ஆற்றுப்படையில் ஒரு கைக்குழந்தை

குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்து சேரும் அறிவுரைகளில் பயணத்தைப் பற்றியவை தனி வகை. ‘இரண்டு வயது முடியட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போங்கள்’ என்பார் ஊரிலிருந்து தொலைபேசும் பெரியவர். ‘இரண்டு வயது முடிவதற்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு தனி இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டும்’ என்பார் அலுவலக நண்பர். முன்னவர் காற்றையும் தண்ணீரையும் கண்ணேறையும் எண்ணிப் பார்க்கிறார். பின்னவர் விமானக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கிறார். இருவருக்கும் குழந்தை என்பது பயணத்தோடு சேர்த்துத் தூக்கிச்செல்ல வேண்டிய ஒரு சுமை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

சிங்கப்பூரில் வாழ்கிற எங்களைப் போன்றோருக்கு வார இறுதி என்பது ஓர் எல்லையைக் கடந்து திரும்பப் போதுமான கால அளவு. வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். மலாக்கா, பினாங்கு, பாங்காக் என்று நண்பர்கள் போய்வருகிறார்கள். எட்டு மாத மகளோடு எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது நாங்கள் காஞ்சிபுரம் என்றோம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அது வெளிநாட்டுப் பயணமா, ஊருக்குப் போவதல்லவா என்றார்கள். எங்களுக்கு எப்படியோ, மகளின் கடவுச்சீட்டுப்படி அது வெளிநாடுதான். அவளுக்குத் தனி விசா வேண்டியிருந்தது. விசாவுக்கான புகைப்படத்தில் இரண்டு கண்களும் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்புலம் வெண்மையாக இருக்க வேண்டும் என்ற விதிகளை எட்டு மாதக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கே அரசு இயந்திரத்தின் தத்துவம் புரியும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காஞ்சி கைக்குழந்தையோடு போகத் தகுந்த ஊர். கைக்குழந்தையோடு போகும்போதுதான் அந்த ஊரின் நடுவில் என்ன இருக்கிறது என்பதே கண்ணில் படுகிறது. ஆனால் தன் நடுவில் இருப்பதை அந்த ஊரே இன்று மறந்து நிற்கிறது.

காஞ்சிக்கு எழுதப்பட்ட பழைய வழிகாட்டி நூல் எது என்று கேட்டால் இலக்கிய வாசகர்கள் பெரும்பாணாற்றுப்படையைச் சொல்வார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த 500 அடிகள். கல்லூரியில் அதை வாசித்தபோது நாங்கள் திரையனின் கொடையையும் ஐந்திணை வருணனையையும் குறிப்பெடுத்தோம். தேர்வில் கேட்பார்கள் என்று சொல்லப்பட்டவை அவை. மகள் பிறந்த பிறகு மறுபடி புரட்டியபோது வேறு இடங்கள் கண்ணில் பட்டன. அந்த வழியில் உப்பு வணிகர்களின் வண்டித் தொடர் ஒன்று வருகிறது. வண்டியில் காடி வைத்த பானை தொங்குகிறது. மாட்டை ஓட்டுகிறவள் ஒரு பெண். அவள் குழந்தையை உடையவள் என்று புலவர் குறிக்கிறார். ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். இன்னும் சற்றுத் தள்ளி, மருதநிலத்து வீடுகளில், தச்சர் வீட்டுச் சிறுவர்களும் ஆசைப்படும்படி செய்த பொம்மைத் தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள், செவிலியிடம் பால் குடித்து உறங்கிப்போகிறார்கள்.

இந்த இரண்டு இடங்களும் அழகுக்காகச் சேர்த்த வரிகள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பாணன் தனியாகப் போகிறவன் அல்லன், சுற்றத்தோடு போகிறவன். அவனுக்குத் தெரிய வேண்டியவை மூன்றே. வழியில் கள்வர் உண்டா, அடுத்த வேளைச் சோறு எங்கே, இரவில் எங்கே தங்குவது. நூல் முழுக்க இந்த மூன்றுக்கும்தான் விடை சொல்லிக்கொண்டு போகிறது. திரையன் நாட்டில் வழிப்பறி கிடையாது என்று தொடக்கத்திலேயே உறுதி தரப்படுகிறது. எயினர் குடியில் என்ன உணவு, ஆயர் குடியில் என்ன, உழவர் வீட்டில் என்ன, வலைஞர் வீட்டில் என்ன, அந்தணர் வீட்டில் என்ன என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிடைப்பதைப் புலவர் சொல்கிறார். கைக்குழந்தையோடு பயணம் போகிறவர்கள் இன்றும் கேட்கும் கேள்விகள் இவைதாம். பால் கொடுக்க எங்கே உட்காரலாம்? வெந்நீர் எங்கே கிடைக்கும்? மதிய வெயிலுக்கு எங்கே ஒதுங்கலாம்? இணையத்தில் காஞ்சியைப் பற்றிக் குவிந்துகிடக்கும் பயணக் குறிப்புகளைத் தேடிப் பாருங்கள். கோபுரத்தின் உயரம் இருக்கும், பட்டுச்சேலையின் விலை இருக்கும், இட்லியில் என்ன சேர்க்கிறார்கள் என்பது இருக்கும். மேற்சொன்ன மூன்றில் ஒன்றுக்கும் விடை இராது.

இதற்கு ஒரு காரணம் நம் நவீனப் பயண இலக்கியத்தின் போக்கு. ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ தமிழில் ஒரு வகைமைக்கே கதவைத் திறந்த நூல். தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’யை எத்தனை முறை வேண்டுமானாலும் வாசிக்கலாம். அவற்றின் மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் வாசித்த அளவில், தமிழில் பயண நூல் என்பது கைகள் வெறுமையாக இருப்பவர் எழுதுவது. கேமராவோ குறிப்பேடோ பிடிக்கத் தடையில்லாத கைகள் அவை. நினைத்த இடத்தில் நின்று, நினைத்த நேரத்தில் சாப்பிட்டு, முன்பின் தெரியாத ஊரில் இரவு பத்து மணிக்குத் தெருவில் உலவக் கூடியவரின் பார்வையே பயணப் பார்வை என்று ஆகிவிட்டது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் பார்த்த பெண்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியது நமக்கு மிக அரிதாகவே கிடைத்திருக்கிறது. உமணர் வண்டியை ஓட்டியவள் ஓர் ஆற்றுப்படை பாடியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்?

சரி, வழிக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு 4 மணி நேரப் பறப்பு. விமானம் இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைக்கும். அப்போது பால் கொடுத்தால் விழுங்கும் அசைவில் காது திறந்துகொள்ளும் என்பது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. சிக்கல் அதில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. வீட்டில் காலை 6 மணிக்கு எழுகிற குழந்தை காஞ்சியில் விடியற்காலை 3.30-க்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு நாளுக்காக அவளுடைய கடிகாரத்தை மாற்ற முயல்வது வீண் என்று முன்பே முடிவுசெய்து, எங்கள் கடிகாரங்களையும் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டோம்.

இப்படிச் செய்ததில்தான் கோயில் நகரத்தின் நாள் எவ்வளவு பழைய கணக்கில் ஓடுகிறது என்பது தெரிந்தது. விடியற்காலையில் நடை திறக்கும்போது எங்கள் மகள் எழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். குளித்து, பால் குடித்து, உலகத்தைப் பார்க்கத் தயாராக இருப்பாள். அந்த நேரத்தில் கல் குளிர்ந்திருக்கிறது, கூட்டம் இல்லை, பூக்கட்டுகிறவர்கள் அப்போதுதான் கூடையைப் பிரிக்கிறார்கள். நண்பகலில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகும். சுற்றுலாப் பயணிகள் அனைவரும் முணுமுணுக்கிற இந்த இடைவெளி அவளுடைய இரண்டாவது உறக்கத்தோடு அப்படியே பொருந்தியது. அதிகாலையில் எழுப்பி, நீராட்டி, உணவூட்டி, நடுப்பகலில் திரையை இழுத்து, மாலையில் மறுபடி எழுப்பி, இரவில் ஊஞ்சலாட்டிப் பள்ளியறைக்குக் கொண்டுபோகும் இந்த ஒழுங்கை ‘ராஜோபசாரம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அரசர்களுக்கு இப்படி நாள் நடந்ததோ என்னவோ, குழந்தைகளுக்கு இன்றும் இப்படித்தான் நடக்கிறது. மாலைக் காட்சிகளை மட்டும் நாங்கள் இழந்தோம். ஊரில் விளக்கு ஏற்றும் நேரம் அவளுக்கு உறங்கும் நேரம்.

சென்னை விமான நிலையத்திலிருந்து காஞ்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சாலை நன்றாகவே இருக்கிறது. வாடகைக் காரில் குழந்தை இருக்கை கிடையாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான காப்பு இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் எங்களைக் கடந்து போன கார்களில் பிள்ளைகள் முன் இருக்கையில் அப்பாவின் மடியில் நின்றுகொண்டு கையசைத்தார்கள். எங்கள் இருக்கையை நாங்களே சுமந்துகொண்டு போயிருந்தோம். ஓட்டுநர் அதைப் பொருத்த உதவினார், பிறகு, ‘அம்மா மடிய விடவா சார் இது பத்திரம்?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. மடியைப் பற்றிய நம்பிக்கை நம்மிடம் அத்தனை ஆழமானது. 80 கிலோமீட்டர் வேகத்தில் மடி எதையும் பிடித்து நிறுத்தாது என்பதை எந்தப் பரணி பாடியும் நம்மை நம்பவைக்க முடியாது.

மடி என்றதும் கைலாசநாதர் கோயிலுக்கு வர வேண்டும். ராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி. கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால், சுவரில், சோமாஸ்கந்தர். சிவன் ஒரு புறம், உமை ஒரு புறம், நடுவில் சிறுபிள்ளையாகக் கந்தன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலும் இதே வடிவம் உண்டு. பல்லவர்கள், அதிலும் ராஜசிம்மன், இந்த வடிவத்தின் மீது கொண்ட பற்று வியப்பூட்டுவது. பெரிய அரசொன்றின் தலைநகரில், அரசன் தன் பெயரைப் பொறித்துக் கட்டிய கோயிலில், கருவறைக்குத் தேர்ந்துகொண்ட உருவம் போர்க்கோலம் அல்ல, அம்மாவும் அப்பாவும் குழந்தையும். இதை வாரிசுரிமையின் அரசியல் என்று விளக்கலாம், விளக்கியும் இருக்கிறார்கள். சிவனுக்கு மகன் இருப்பது போல அரசனுக்கும் மகன் உண்டு, குலம் தொடரும் என்ற அறிவிப்பு அது. அந்த விளக்கத்தை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா மடியில் ஓரிடத்தில் நில்லாமல் நெளிகிற எட்டு மாதக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அதன் முன் நிற்கும்போது, செதுக்கியவன் குழந்தையைத் தூக்கியவன் என்பதும் தெரிகிறது.

வளாகமே ஒரு குடும்பம் போலத்தான் இருக்கிறது. பெரிய கோயில் ராஜசிம்மனுடையது. அதன் முன்னால் நிற்கும் சிறு கோயில் மகன் மகேந்திரன் கட்டியது. வாயிலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களில் ஒன்று அரசி ரங்கபதாகை கட்டியது என்பதைக் கல்வெட்டு சொல்கிறது. திருச்சுற்றில் 50-க்கும் மேற்பட்ட சிறு சன்னதிகள், ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை உட்காரும் பெட்டி அளவில் தொடங்கிச் சற்றுப் பெரிதாக. சிலவற்றில் சுதையின் மேல் பழைய ஓவியத்தின் துணுக்குகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று சோமாஸ்கந்தரே. கால் தூக்கி நிற்கும் சிம்மத் தூண்களைத்தான் எங்கள் மகள் நெடுநேரம் பார்த்தாள். சிற்ப வரலாற்று நூல்கள் இந்தச் சிம்மங்களைக் கொண்டு காலத்தைக் கணிக்கும். அவளுடைய கண் மட்டத்தில் அவை வெறும் வாய்கள்.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை உண்டு. குனிந்தும் தவழ்ந்தும்தான் அதற்குள் நுழையவும் வெளியேறவும் முடியும். அப்படிச் சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது ஊர் நம்பிக்கை. எங்களில் ஒருவர் மகளை வைத்துக்கொள்ள மற்றவர் தவழ்ந்து போய் வந்தோம், முறை மாற்றி. தவழ்வதில் எங்கள் இருவரையும்விடத் தேர்ந்த ஒருத்தி வெளியே அமர்ந்து இதைப் பெரும் கேலியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து ஊருக்குள் வந்தால் சோமாஸ்கந்தம் இன்னொரு முறை, இப்போது ஊரின் அளவில். சிவன் ஏகாம்பரநாதர் கோயிலில். காஞ்சியின் சிவாலயங்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது, ஊருக்கெல்லாம் ஒரே அம்மன் காமாட்சி என்பது மரபு. அந்தக் காமாட்சி தனிக் கோயிலில். இரண்டுக்கும் நடுவே குமரகோட்டம். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடியது அங்கேதான் என்று மரபு சொல்கிறது. மூன்று கோயில்களும் நடந்து போகும் தூரம். இந்த அமைப்பையே சோமாஸ்கந்தம் என்று ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பெருமையாகச் சொல்லிவருகிறார்கள். அதாவது, இந்த ஊரின் வரைபடத்தை விரித்தால் நடுவில் இருப்பது ஒரு குழந்தை.

இப்போது எங்கள் மனத்தாங்கல். அந்த வரைபடத்தின் நடுவே உயிருள்ள குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். தள்ளுவண்டி உதவாது என்பது தெரிந்தே நாங்கள் கொண்டுபோகவில்லை. வாசற்படிகளும் கல் தளமும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் துணியை மாற்ற ஒரு மேடை, கைகழுவ ஒரு குழாய், பால் கொடுக்க ஒரு மறைவு, மாற்றிய அணையாடையைப் போட ஒரு மூடிய தொட்டி, இந்த நான்கில் ஒன்றுகூட நாங்கள் போன எந்தக் கோயிலின் சுற்றிலும் எங்கள் கண்ணில் படவில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய கோயிலில், ஆள் நடமாட்டமில்லாத மண்டபத்தின் மூலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்க உட்கார்ந்தபோது, காவலர் ஒருவர் வந்து இங்கெல்லாம் கூடாது, வெளியே போங்கள் என்றார். வெளியே என்றால் எங்கே என்று கேட்டோம். அவரிடம் பதில் இல்லை. அவர் மீது கோபமும் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். வெளியே இருந்தது செருப்பு வைக்கும் இடமும் முற்பகல் வெயிலும்.

தமிழ்நாட்டுக் கோயில் மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளை வேண்டி மரத்தொட்டில் கட்டித் தொங்கவிடுவார்கள். உள்ளங்கை அளவில், மஞ்சள் பூசியவை, நூற்றுக்கணக்கில். பிள்ளை வேண்டி வருகிறவர்களுக்குக் கோயில் மரம் தருகிறது, கொம்பு தருகிறது, பூசை தருகிறது, சீட்டு தருகிறது. வேண்டியது கிடைத்து, அந்தப் பிள்ளையையே தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வருகிறவளுக்கு உட்கார ஓர் இடம் தருவதில்லை. காது குத்தவும் மொட்டை அடிக்கவும் முதல் சோறு ஊட்டவும் கோயிலுக்கு வரச்சொல்லும் சமூகம், இந்தச் சடங்குகளுக்கு நடுவே பிள்ளை பசித்து அழும் என்பதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

கோயில் என்ன குழந்தைகள் காப்பகமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. தூய்மை, ஆசாரம், கூட்ட ஒழுங்கு என்பார்கள். கருவறை வாசலில் தொட்டில் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெளிச்சுற்றில், பயன்படாமல் கிடக்கும் எத்தனையோ அறைகளில், ஒன்று போதும். ஆசாரத்தைச் சொல்கிறவர்கள், சோமாஸ்கந்த வடிவத்தில் உமையின் பக்கத்தில் இருப்பது என்ன வயதுப் பிள்ளை என்று ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். அரசு இதைச் செய்ய முடியாததும் அல்ல. 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கான அறைகளைத் திறந்தது. இந்தியாவில் அப்போது அது பெரிய அடி. நல்ல திட்டம். அதன் பிந்தைய கதை நம் நல்ல திட்டங்கள் பலவற்றின் கதைதான்: வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் அந்த அறையைத் தேடிப் போனோம், பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. அறை கட்டுவதற்கு ஒரு நாள் விழா போதும். அதைத் திறந்து வைத்திருக்கத் தினமும் ஓர் ஆள் வேண்டும்.

இதை எழுதும்போதே சிங்கப்பூர்ப் பெருமை பேசுவதாகத் தோன்றிவிடக்கூடும். அந்த ஊரில் அறைகள் உண்டு. பேரங்காடிகளில் பாலூட்டும் அறை, வெந்நீர்க் குழாய், துணி மாற்றும் மேடை, ரயில் நிலையங்களில் மின்தூக்கி. 2017 முதல் தள்ளுவண்டியை மடிக்காமலே பேருந்தில் ஏற்றவும் அனுமதி உண்டு. எல்லாம் இருந்தும் அங்கே குழந்தைகள் இல்லை. 2023-இல் அந்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 0.97-க்கு இறங்கியது. ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை என்ற கணக்கு. ரயிலில் எங்கள் மகள் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் கைபேசியிலிருந்து ஒரு கணம் நிமிர்ந்து, புன்னகைத்து, உடனே குனிந்துகொள்வார். பிறர் குழந்தையைப் பார்ப்பதே அத்துமீறலோ என்ற கூச்சம் அது.

காஞ்சியில் அந்தக் கூச்சம் யாருக்கும் இல்லை. முதல் நாள் காலையிலிருந்து மகள் எங்கள் கையில் இருந்த நேரம் குறைவு. பூக்காரம்மா வாங்கிக்கொண்டார். பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டிய பெண் வாங்கி, இன்னொரு பெண்ணிடம் கொடுத்து, அவர் மாடியில் இருந்த மூன்றாமவரிடம் காட்டி வர எடுத்துக்கொண்டு போனார். தை மாதக் கடைசி, முகூர்த்தக் கூட்டம். கல்யாண வீட்டார் ஐந்து பேர் தங்கள் சேலையை விட்டுவிட்டு அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். இதைப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போவது எளிது. நாங்கள் அப்படிச் செய்யப்போவதில்லை. வாங்கிய கைகளில் கழுவிய கைகள் எத்தனை? கன்னத்தில் முத்தமிட்டவர்களில் சளிப் பிடித்தவர் எத்தனை பேர்? ஒருவர் கேட்காமலே வாயில் கற்கண்டு வைக்கப் பார்த்தார். இன்னொருவர் நெற்றியில் வாரி இட்ட திருநீறு கண்ணில் விழுந்தது. இங்கே ‘வேண்டாம்’ என்று சொல்வது அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது. சிரித்துக்கொண்டே, கையைப் பிடித்துக்கொண்டே, ‘டாக்டர் வேணாம்னுட்டாரு அக்கா’ என்று மருத்துவர் மீது பழிபோட்டுத் தப்பித்தோம். மருத்துவர்கள் இதற்கும் பயன்படுகிறார்கள். அன்பு மிகுந்த ஊர் என்பதால் குழாயும் சோப்பும் வேண்டாம் என்றாகிவிடாது. அன்பு மிகுந்த ஊருக்குத்தான் அவை கூடுதலாகத் தேவை.

எங்களுக்கு நிழல் கிடைத்தது பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டில். தெரிந்தவர் மூலம் தறி பார்க்கப் போயிருந்தோம். முன்கட்டு முழுக்கத் தறி. பசித்து அழுகிறாள் என்றதும் வீட்டு அம்மா உள்ளறையைக் காட்டி, ‘போய்க் குடும்மா, இங்க யாரு என்ன சொல்லப் போறா’ என்றார். குடித்து முடித்ததும் அவரே உத்தரத்தில் ஒரு தூளி கட்டினார். பட்டு நெய்கிற வீட்டில் தூளிக்கு எடுத்தது பழைய நூல் சேலை. ‘பட்டு பாக்கத்தான் நல்லாருக்கும். உறுத்தும், வேர்க்கும். பிள்ளைக்கு இதுதான் மெத்து’ என்றார். தறியின் சத்தத்தில் எப்படித் தூங்குவாள் என்று நாங்கள் தயங்கினோம். தறி ஓடினால்தான் தூங்கும், நின்றால்தான் எழுந்துகொள்ளும், எங்கள் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன என்றார். அப்படியே நடந்தது. ஒன்றரை மணி நேரம் உறங்கினாள். கணவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கண் திறந்தாள்.

அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தறியை இருவர் ஓட்டுவதைப் பார்த்தோம். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு நிறத்தில் இருந்தால் அவற்றைக் கோர்வை முறையில் பிணைக்க வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவருக்குத் துணையாக இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளித் தர வேண்டும். இன்று அந்த வீட்டில் மனைவி உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சொந்தப் பிள்ளைகள் மட்டுமல்ல, முன்பணத்துக்கு ஈடாக அனுப்பப்பட்ட பிள்ளைகளும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அரசும் தொண்டு நிறுவனங்களும் செய்த வேலையால் அந்த நிலை பெருமளவு மாறியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பள்ளிக்குப் போனவர்கள் தறிக்குத் திரும்பவில்லை. அந்த அம்மாவின் இரண்டு மகன்களும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார்கள். தறிக்கு ஆள் இல்லையே என்று வெளியூரிலிருந்து வந்து வருத்தப்படுகிறவர்கள், அந்த ஆள் யாராக இருந்தான், அவனுக்கு என்ன வயது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தில் நெசவாளி தன் கைக்குழந்தைக்கு, கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்களிப்பான். வாக்கைக் காக்க, வேலை செய்யும் இடத்திலிருந்து இழை இழையாகப் பட்டைத் திருடுவான். அந்தப் படம் தேசிய விருது பெற்றபோது எல்லோரும் வறுமையைப் பேசினார்கள். நெய்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு நெய்த துணி கிடைக்காது என்ற அதே கணக்கு, கந்தனை நடுவில் வைத்த ஊரில் கைக்குழந்தைக்கு நிழல் கிடைக்காது என்பதிலும் ஓடுகிறது என்று எங்களுக்குப் படுகிறது. ஊர் எதற்குப் பெயர்பெற்றதோ அது ஊரின் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நெசவாளருக்கு இதைப் போக்க வழியில்லை. கோயில் நிர்வாகத்துக்கு உண்டு. ஒரு அறை, ஒரு குழாய், ஒரு தொட்டி, காலை முதல் இரவு வரை சாவியோடு ஓர் ஆள்.

இரண்டு நாளில் நாங்கள் பார்க்காமல் விட்டவை நிறைய. வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்ப வரிசையைப் பாதியில் விட்டு வந்தோம், அவள் பொறுமை அங்கே தீர்ந்தது. திருப்பருத்திக்குன்றத்துச் சமண ஓவியங்கள் வரை போகவே இல்லை. பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிற திருவெஃகாவுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. பெருமாள் படுத்திருக்கும் கோயில், எங்கள் மகளும் தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள், ஆகவே யாரையும் எழுப்பாமல் திரும்பினோம். வரதராஜர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தை அடுத்த தை மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதற்குள் அவள் ஓடத் தொடங்கியிருப்பாள். நூறு தூண்களுக்கு நடுவே ஓடுகிற பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்பதற்கு வழி தெரிந்த நண்பர்கள் சொல்லலாம்.